புலிக்கு மூன்று, ஆட்டுக்குப் பதினைந்து

ஆடுபுலி ஆட்டத்தில் புலிகள் 3, ஆடுகள் 15, கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. உச்சியிலிருந்து இறங்கும் கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் கோடுகளும் சேர்ந்த ஒரு முக்கோணம். கரித்துண்டு கிடைத்தால் ஒரு நிமிடத்தில் வரைந்துவிடலாம். தமிழ்நாட்டின் பழைய கோயில்கள் பலவற்றில் மண்டபத் தரையிலேயே இதைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். கொத்தியவர் சிற்பியா, காவல்காரரா, நடை திறக்கும்வரை பொழுது போகாமல் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரா என்பதை எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை.

ஆடு வைப்பவருக்கு முதல் பதினைந்து முறையும் நகர்த்தும் உரிமை கிடையாது. ஒவ்வொன்றாக வைக்க மட்டுமே முடியும். புலி அப்படியில்லை, தொடக்கத்திலிருந்தே நகரும், ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆகவே ஆட்டுக்காரர் ஓரங்களை முதலில் அடைப்பார். ஓர் ஆட்டை வைக்குமுன் அதே கோட்டில் அதற்குப் பின்னாலுள்ள புள்ளி காலியா என்று பார்ப்பார். காலியென்றால் அந்த ஆடு இரை. கைதேர்ந்தவர் சில சமயம் தெரிந்தே ஒன்றைக் கொடுப்பார். குதித்த புலி போய் இறங்குமிடம் முட்டுச்சந்தாக இருக்கும். ஓர் ஆடுகூடச் சாகாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் பலகையில் காலியாக மிஞ்சுபவை 5 புள்ளிகள்தான். அதற்குமேல் புலிகளுக்குத் திரும்பிப் படுக்கவும் இடமிருக்காது.

மூன்றும் பதினைந்தும் என்று முதலில் வகுத்தவர் யாரென்று கேட்டால் பதில் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஆடிப் பார்த்துப் படிந்த எண்ணாகத்தான் அது இருக்க வேண்டும். நேபாளத்தில் இதற்கு ஒரு உடன்பிறப்பு உண்டு: பாக் சால். அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். யூ ஜின் லிம், யூர்க் நீவெர்கெல்ட் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 2000-களில் அந்த ஆட்டத்தைக் கணினியில் அக்குவேறு ஆணிவேறாக அலசினார்கள். இரு தரப்பும் பிழையே செய்யாமல் ஆடினால் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும் என்பது அவர்கள் நிறுவிய முடிவு. கணினியைக் கனவிலும் காணாதவர்கள் பிடித்து வைத்த எண், கணினியின் சோதனையிலும் தேறிவிட்டது.

இருபக்கமும் எந்த விதத்திலும் சமமில்லை. எண்ணிக்கை வேறு, வலு வேறு, வெற்றி என்பதன் பொருளே வேறு. புலிக்கு வெட்டுவது வெற்றி, ஆட்டுக்கு அடைப்பது வெற்றி. ஆனாலும் ஆட்டம் சமம். அப்படியானால் அந்தச் சமம் எங்கே இருக்கிறது? காய்களிலா, ஆடுபவர் மனத்திலா, அமைத்தவர் கையிலா? விளையாட்டுக் கேள்வியாகத் தொடங்கினாலும் இதன் வால் நீளம். உலகமே இறைவனின் விளையாட்டு என்று கம்பன் தன் காப்பியத்தின் முதல் பாட்டிலேயே சொல்லிவிட்டுப் போனான். சிவகங்கை மாவட்டத்து நாட்டரசன்கோட்டையில் அவனுக்குச் சமாதி இருக்கிறது. காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிறது. விளையாட்டு என்றால் அதில் நியாயம் உண்டா என்று இந்த மண்ணில் கேட்காமல் வேறெங்கே கேட்பது?

அமெரிக்கர்கள் இதைப் புத்தகம் போட்டுத் தீர்க்கப் பார்த்தார்கள். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-இல் வெளியானது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி. “குகைக்குள் எட்டிப் பார்க்கிறேன்” என்று ஒருவர் சொன்னால் உள்ளே என்ன தெரிகிறது என்பதை மாஸ்டர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் 20 முகப் பகடை உருளும். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் தெருக்கூத்தும் தாயமும் கலந்த ஒன்றாக நினைத்துக்கொள்ளலாம்.

மாஸ்டரின் தலைவலி குகைக்குள் எதை வைப்பது என்பதுதான். எலியை வைத்தால் ஆட்டம் சப்பென்று போகும். டிராகன் என்ற நாகத்தை வைத்தால் முதல் அரைமணியிலேயே எல்லோரும் செத்து, பஜ்ஜி வருமுன் ஆட்டம் முடிந்துவிடும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு அரக்கனுக்கும் ஒரு சவால் எண் கொடுத்தது. நால்வர் குழு தன் நிலைக்கு ஒத்த எண்ணுள்ள அரக்கனோடு மோதினால் அதன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு செலவாகும் என்பது கணக்கு. 2014-இன் ஐந்தாம் பதிப்பு எதிரிகளின் எண்ணிக்கையையும் உள்ளே கொண்டுவந்தது. இருவர் வந்தால் ஆபத்து ஒன்றரை மடங்கு, மூன்று முதல் ஆறு பேர் என்றால் இரு மடங்கு, 15 பேரும் அதற்கு மேலும் என்றால் நான்கு மடங்கு. 2024-இல் நூலைத் திருத்தியபோது அந்தப் பெருக்கலையே தூக்கிவிட்டார்கள். 50 ஆண்டு அச்சடித்தும் கணக்கு கைக்குள் அடங்கவில்லை.

அடங்காததற்குக் காரணம் ஆடுபுலி ஆடிய எவருக்கும் தெரியும். ஒரு நாகம் ஒரு முறை பாய்வதற்குள் நால்வர் நான்கு முறை வெட்டிவிடுகிறார்கள். தனித்த வலியவனைவிடச் சேர்ந்த எளியவர்களுக்குக் கைகள் அதிகம். அதுவும் அவர்கள் எங்கே நிற்கிறார்கள், வழியை அடைக்கிறார்களா, ஒருவனைக் கொடுத்து மற்றவனைக் காக்கிறார்களா என்பதெல்லாம் அட்டவணையில் ஏறாது. சிதறி வைத்த பதினைந்து ஆடு புலிக்கு விருந்து. கோத்து வைத்த பதினைந்து ஆடு புலிக்குக் கூண்டு.

காரைக்குடிப் பக்கம் இந்தக் கேள்வியை எடுத்தால் அது நேரே சமயத்துக்குள் போய் நிற்கும். குன்றக்குடியில் சைவ சித்தாந்தம் பேணும் ஆதீனம். ஊரை ஒட்டிய கோவிலூரில் வேதாந்தம் வளர்த்த மடம். வேதாந்தியைக் கேட்டால், புலியும் ஆடும் பலகையும் தோற்றமே, ஆடுவது ஒன்றே ஒன்று என்பார். வாதம் என்ற அளவில் வெல்ல முடியாதது. ஆனால் ஆட்டம் நடத்துபவருக்குப் பயன்படாது. சனிக்கிழமை மாலை நாலு பேர் வந்து உட்கார்ந்திருக்கையில் எல்லாம் மாயை என்று தொடங்கினால் எழுந்து போய்விடுவார்கள்.

சித்தாந்தி அப்படிக் கைகழுவ மாட்டார். அவருக்கு உயிர்கள் பல, அவை மெய், அவற்றின் வினையும் மெய். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் அடக்கிய சிவஞானபோதத்தின் வழிவந்த மரபு, ஒவ்வோர் உயிருக்கும் அதன் வினைக்குத் தக்கபடி இறைவன் நான்கைத் தருவதாகச் சொல்கிறது: தனு, கரணம், புவனம், போகம். இருக்க உடல், அறியக் கருவிகள், நடமாட உலகம், அங்கே அனுபவிக்க இன்பதுன்பம். டன்ஜன் மாஸ்டர் ஒருவரின் முன்தயாரிப்பு நோட்டைப் புரட்டினால் இந்த நான்கைத் தவிர வேறெதுவும் இருக்காது. யாருக்கு என்ன உடல்வலு, கையில் என்ன, எந்த நிலம், அங்கே என்ன வரப்போகிறது. உலகத்தைப் பொதுவாகச் செய்துவிட்டு உயிர்களை அதில் கொட்டுவதில்லை இந்த இறைவன். ஆளைப் பார்த்துத்தான் அமைக்கிறான்.

இந்த மரபிலேயே சமத்தைப் பற்றி நேரடியாக ஒரு கருத்தும் உண்டு: இருவினையொப்பு. நல்வினையும் தீவினையும் ஒத்த நிலை வாய்த்தபின்தான் அருள் பதியும் என்பார்கள். ஒத்த நிலை என்றால் என்ன என்பதில்தான் வழக்கு. இரண்டும் தட்டில் வைத்தாற்போல எடை சரியாவது என்பது ஒரு விளக்கம். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதை ஏற்கவில்லை. நல்வினைப் பயன் வந்தாலும் தீவினைப் பயன் வந்தாலும் உயிர் இரண்டையும் ஒரே நோக்கில், ஒட்டாமல் பார்ப்பதுதான் ஒப்பு என்பது அவர் கொண்ட பொருள். எடை வினையில் இல்லை, பார்ப்பவர் அறிவில் இருக்கிறது.

சவால் எண் அட்டவணை முதல் விளக்கத்தின் பிள்ளை. இந்தத் தட்டில் நால்வர், அந்தத் தட்டில் அரக்கன், முள் நடுவில் நின்றால் நியாயம். முனிவரின் பக்கம் நின்று பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. ஆடு தோற்றவர் “போச்சு, அந்த ஓரத்தை அடைக்காமல் விட்டேனே” என்று சொல்லிக்கொண்டே காய்களைத் திரும்ப அடுக்கினால் அந்த ஆட்டம் சமமாகத்தான் இருந்திருக்கிறது. வென்றவர் முகத்திலேயே மகிழ்ச்சி இல்லாத ஆட்டமும் உண்டு. அங்கே கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஏதோ கோணல். தன் முடிவுக்குப் பலன் இருந்தது என்ற நினைப்பு இருபக்கமும் மிஞ்ச வேண்டும். கிடைத்த பலன் இனிப்பா கசப்பா என்பது அடுத்த பேச்சு.

ஆடுபுலியில் பகடை கிடையாது என்பதால் இதுவரை சிக்கல் இல்லை. பகடை உருண்டதும் இறையியல் குழம்புகிறது.

சிவகங்கைச் சீமைக்குப் பகடை புதிதில்லை. இதே மாவட்டத்தில் திருப்புவனத்தை அடுத்த கீழடியில் நடந்த அகழாய்வில் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் வெளிவந்தன. 2023 மார்ச்சில் அங்கே திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளில் உருண்டது பித்தளைத் தாயக்கட்டை. கட்டைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் நீளவாட்டில் நான்கு முகங்கள். ஒரு முகம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3. இரண்டும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அவற்றில் ஒன்றும் வெறுமையுமாக விழும் தாயம் 2 விதம், இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டாவது ஒரே விதம். தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டு முறை உருட்டியும் தாயம் காணாமல் ஒருவர் வெளியிலேயே உட்கார்ந்திருக்க மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகவே வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒருவருக்கு ராசியில்லை என்று வீடே சொல்லும். விதியை முழுக்க நம்புகிற ஆச்சியும் கட்டையை உள்ளங்கையில் உரசி, முனகி, ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் உருட்டுவார் என்பது தனிக் கதை.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் இந்த ராசி அப்பட்டமாகவே தெரியும். பாம்புகளுக்கு அசுரர் பெயர்கள், ஏணிகளின் அடியில் நற்குணங்கள், உச்சியில் வைகுண்டம். ஒழுக்கம் கற்பிக்கும் பலகை என்று இதைப் புகழ்வது வழக்கம். ஆனால் இதில் ஆடுபவர் தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. பக்தியின் ஏணியில் ஏறியவர் பக்தராக இருந்து ஏறவில்லை. கட்டை அப்படி விழுந்தது. வைகுண்டத்துக்கு ஒரு கட்டம் கீழே நின்றவரைப் பாம்பு கடித்ததும் அவர் செய்த பாவத்தால் இல்லை. முயற்சியைக் கற்றுக்கொடுக்க இதைவிட மோசமான ஆட்டம் கிடையாது. அருள் யாரைத் தொடும், எப்போது தொடும் என்று யாருக்கும் தெரியாது என்பதைக் கற்றுக்கொடுக்கத்தான் என்றால், இது தேர்ந்த ஆட்டம்.

டன்ஜன் மாஸ்டரின் மேசை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. என்ன செய்வது என்பதை ஆடுபவர் தீர்மானிக்கிறார். பலித்ததா என்பதைப் பகடை சொல்கிறது. இங்கேதான் ஒரு தட்டியின் வேலை வருகிறது. மாஸ்டர் தன் முன்னால் ஒரு அட்டைத் தட்டியை நிறுத்தி, வரைபடத்தையும் தன் பகடையையும் அதற்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். சைவர்கள் இறைவனுக்குச் சொல்லும் ஐந்தொழில்களில் நான்காவது மறைத்தல். படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றும் யாருக்கும் புரியும். மறைத்தல் ஏன் தெய்வத் தொழில் என்று புதிதாகக் கேட்பவர் திகைப்பார். சித்தாந்தி சொல்லும் பதில்: உயிர் பக்குவப்பட வேண்டும் என்றால் முடிவு முன்கூட்டியே தெரியக் கூடாது, ஆகவே மறைப்பதும் அருளின் ஒரு வடிவமே. வரைபடத்தை மேசையில் விரித்துப்போட்டு ஆடினால் குகைக்குள் நுழைய யாருக்குக் கால் கூசும்?

தட்டிக்குப் பின்னால் இன்னொன்றும் நடக்கும். அரக்கனுக்கு 20 விழுந்துவிட்டது. அடி விழுந்தால் வாள்வீரன் செத்தான். ஆறு மாதமாக அந்த வேடம் கட்டியவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டர் பகடையைச் சட்டென்று எடுத்துக்கொண்டு “நாலு, தவறிவிட்டது” என்கிறார். இந்தப் பொய் தர்மமா என்று உலகெங்கும் ஆடுபவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சண்டை நமக்குப் பழக்கமானதுதான். உயிர் கரையேறத் தன் முயற்சி வேண்டுமா, அருளே போதுமா என்பது வைணவத்தில் வடகலையும் தென்கலையும் பிரிந்த வழக்குகளில் ஒன்று. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றது ஒரு தரப்பு. பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும் என்றது மற்றது. பகடையை மாற்றிச் சொல்லும் மாஸ்டர் பூனையின் கட்சி. விழுந்தது விழுந்ததுதான் என்பவர் குரங்கின் கட்சி. இரண்டு பக்கமும் பெரிய ஆசாரியர்கள் இருந்ததால் யாரையும் ஒரே அடியில் தள்ளிவிட முடியாது.

ஆனால் இதற்கு விடை தருவதுபோல் ஒரு கதை காரைக்குடிக்குப் பக்கத்திலேயே, திருக்கோஷ்டியூரில் நடந்திருக்கிறது. எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்க ராமாநுஜர் திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்ததாகக் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. கடைசியில் திருக்கோஷ்டியூர் நம்பி சொல்லித்தந்தார், யாருக்கும் சொல்லக் கூடாது என்ற கட்டளையோடு. ராமாநுஜர் சௌமியநாராயணப் பெருமாள் கோயிலின் உச்சிக்கு ஏறிக் கூடியிருந்தவர்களுக்கெல்லாம் அதை உரக்கச் சொல்லிவிட்டார். கட்டளையை மீறியவனுக்கு நரகம் என்று நம்பி கடிந்தபோது, இத்தனை பேர் கரையேறினால் தான் ஒருவன் நரகம் போவதில் குறையில்லை என்றாராம்.

மாஸ்டர்கள் இந்தக் கதையை ஊன்றிப் பார்க்க வேண்டும். ராமாநுஜர் விதியை உடைத்தார், சந்தேகமில்லை. ஆனால் தட்டிக்குப் பின்னால், தனக்கு வேண்டிய ஒருவருக்காக உடைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, எல்லோருக்குமாக உடைத்தார். அதற்கான தண்டனையையும் தன் பெயரில் எழுதிக்கொண்டார். ஆட்டத்தின் நடுவே விதி கடுமையாக இருப்பதாகப் பட்டால் மாஸ்டரும் அதைத்தான் செய்ய வேண்டும்: “இந்த விதி சரிப்படவில்லை, இன்றிலிருந்து இப்படி” என்று மேசைக்கே சொல்ல வேண்டும். இரகசியமாகப் பகடையைத் திருப்புவது அருளாகாது. அது தெரியவரும் நாளில், அதுவரை கிடைத்த எல்லா வெற்றியும் ஆடியவர்களுக்குப் புளித்துப்போகும். பதினைந்து ஆட்டையும் பார்த்துப் பார்த்து வைத்தவரிடம், புலி வேண்டுமென்றே குதிக்காமல் விட்டுக்கொடுத்தது என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, குகைக்குள் எதைத்தான் வைப்பது? பெரும்பாலான மாஸ்டர்கள் மேல்நாட்டு அரக்கர் தொகுதிகளைப் புரட்டுகிறார்கள். அவற்றில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார்: ராட்சசன். புலித்தலையோடு, கையில் குழாய் பிடித்துப் புகைத்துக்கொண்டு, மந்திரித்த அம்பு பட்டால் சாகிறவனாக 1977-இன் தொகுதியில் வருகிறான். ராவணனைப் படித்தவர் எவருக்கும் அவனை அடையாளம் தெரியாது. அந்த அம்பின் மூலம் 1970-களின் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று. அண்மைக் காலத்தில் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. 2022-இல் வந்த சாகசத் தொகுப்பு ஒன்றில் மிமி மண்டல் வங்க மண்ணின் சாயலில் ‘இன் தி மிஸ்ட்ஸ் ஆஃப் மணிவர்ஷா’ எழுதினார். தமிழ் மண்ணுக்கு அந்த அளவு யாரும் இறங்கி வேலை செய்ததாகத் தெரியவில்லை.

சிவகங்கை மாவட்டத்தைச் சுற்றினாலே ஒரு வருட ஆட்டத்துக்குச் சரக்கு கிடைக்கும். குன்றக்குடி மலை, முருகனின் சாபத்தால் மலையாகிப்போன மயில் என்கிறது தலபுராணம். அசுரர்களின் பேச்சைக் கேட்டு அன்னத்தையும் கருடனையும் விழுங்கிய குற்றம். காலடியில் இருக்கும் மலையே தண்டனை அனுபவிக்கும் ஓர் உயிர் என்று தெரிந்தால் குழு என்ன செய்யும்? கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலில் நியாயம் கிடைக்காதவர்கள் காசு வெட்டிப் போட்டு முறையிடுகிறார்கள். வெட்டிய காசு ஒன்றை வழியில் கண்டெடுத்தவன் என்ற ஒரு வரி போதும், கதை ஓடத் தொடங்கிவிடும். இடத்துக்கு வரைபடம் வேண்டுமென்றால் செட்டிநாட்டு வீடு இருக்கிறது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல், நடுவே வளவு, அதைச் சுற்றி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, பிறகு இரண்டாங்கட்டு, அடுப்படி. எந்த அறையின் சாவி எந்தப் பங்காளியிடம், எந்த நாட்டில் என்பதைக் கண்டுபிடிப்பது எந்த நாகத்தையும் விடக் கடினமான வேலை.

சமமற்ற மோதலுக்கு வேலு நாச்சியார் வரலாற்றைவிட நல்ல பாடம் கிடையாது. 1772-இல் காளையார்கோவிலில் கும்பெனிப் படையிடம் அவர் கணவர், சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் மாண்டார். நாச்சியார் விருப்பாச்சியில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் சீமையை மீட்டார். கும்பெனியின் வெடிமருந்துக்கு எதிரே கத்தியும் வேலும் நிற்குமா என்பதுதான் அட்டவணை கேட்கும் கேள்வி. ஊர் வழக்கு சொல்லும் கதையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. விஜயதசமியன்று அரண்மனை ராஜராஜேஸ்வரி கோயிலுக்குப் பெண்கள் போகலாம். அந்தக் கூட்டத்தோடு நாச்சியாரின் படையைச் சேர்ந்த குயிலி உள்ளே போகிறாள். தன் உடலில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்கிறாள். எதிரியின் வலுவைக் கூட்டிக் கழித்து ஈடுகட்டவில்லை அவர்கள். வலு இருந்த இடத்தையே இல்லாமல் செய்தார்கள். நல்ல மாஸ்டர் ஜெயிக்க முடியாத படையையும் தைரியமாக வைக்கலாம், கோயில் கதவு ஒன்றைத் திறந்து வைத்திருந்தால்.

தெய்வங்களை என்ன செய்வது என்பதில் மட்டும் நிதானம் தேவை. 1980-இல் வெளிவந்த ‘டெய்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலில் இந்திரன், காளி, விஷ்ணு எல்லோருக்கும் உயிர்ப்புள்ளிகளும் கவச எண்ணும் கொடுத்திருந்தார்கள். எண் இருந்தால் கொல்லலாம் என்று பொருள். மனம் புண்படுகிறது என்று கொடி பிடிப்பதைவிட, அது மோசமான ஆட்ட அமைப்பு என்று சொல்வதே சரி. தெய்வத்துக்கு அடி விழுவது நமக்கு அதிர்ச்சியான செய்தியில்லை. திருவிளையாடற் புராணத்தில் பிட்டுக்கு மண் சுமக்கக் கூலியாளாக வந்த சிவனை அரிமர்த்தன பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி எல்லா உயிர்களின் முதுகிலும், அடித்த மன்னன் முதுகிலும் விழுகிறது. இந்தத் தெய்வத்துக்கு என்ன புள்ளி போடுவது? சூரபதுமன் கதையும் அப்படித்தான். போரின் முடிவில் எதிரி ஒழிவதில்லை. மயிலாகவும் சேவலாகவும் முருகனோடு சேர்ந்துவிடுகிறான். அடித்து வீழ்த்தினால்தான் மோதல் முடிந்தது என்று எண்ணும் அட்டவணைக்கு இந்த முடிவை எழுத ஒரு கட்டமும் கிடையாது. தெய்வத்தை மேசைக்குக் கொண்டுவரலாம், பேசவிடலாம், சோதிக்கவிடலாம். எண் மட்டும் கொடுக்க வேண்டாம்.

எண்கள் தேவைப்படும் இடம் வேறு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பல்லாங்குழிப் பலகைகளும் தாயக்கட்டைகளும் விலைக்குக் கிடைக்கின்றன. பலகை கிடைக்கும், அந்த வீட்டின் விதி கூட வராது. குழிக்கு ஐந்தா ஆறா, எதிராளி காயை வெட்டாமல் பழம் ஏறலாமா கூடாதா, எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பதெல்லாம் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். ஒவ்வொன்றும் யாரோ பல காலம் ஆடிப் பார்த்துச் சரிசெய்த கணக்கு. பல வீடுகளில் அதை அறிந்தவர் ஓர் ஆச்சியோ ஐயாவோ மட்டும்தான். வாசகர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்களோடு உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடி, அந்த விதிகளை ஊர்ப்பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.